எட்டேகால் மணிக்கு நடந்த மதில்

பிர்கன்ஸ்டாட் நகரத்து யூதர் சவக்காலையின் மேற்கு மதில் முதன்முதலாக ஓர் அடி எடுத்துவைத்தது யூதரின் பஸ்காத் திருநாள் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சரியாக எட்டேகால் மணிக்கு. எட்டு மணிக்கே அது வெளிக்கிட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த ஊரில் ஐந்நூறு வருசமாகப் பல்கலைக்கழகம் இருக்கிறது, எட்டு மணி வகுப்பு என்று போட்டிருந்தால் பேராசிரியர் எட்டேகாலுக்குத்தான் உள்ளே வருவார், அது பிந்துவது இல்லை பாருங்கோ, அதுதான் அங்கே முறை, அந்த ஊர்க் காற்றிலேயே நின்ற மதிலுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது.

பார்த்தது மங்களேஸ்வரி ஒருத்திதான். நகரசபைத் தோட்டப் பிரிவில் வேலை, ஐம்பத்துநாலு வயது, வடமராட்சியில் பிறந்து, டொச் தேசமான ஜேர்மனிக்கு வந்து இருபத்தைந்து வருசம், அதில் பதினாறு வருசமாக அந்தச் சவக்காலையின் திறப்பு அவள் இடுப்பில்தான். அன்றைக்குப் படலையைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளியோடு நிமிர்ந்தவள் கண்ணுக்கு முன்னாலே, தொண்ணூறு மீட்டர் நீள மதில், சேற்றைக் கடக்கிற பொம்பிளை சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறமாதிரி மெல்ல எழும்பி, அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தின் கார்த் தரிப்பிடத்துக்குள் ஓர் அடி தள்ளி இறங்கி நின்றது. மதில் விட்டுப்போன இடத்தில் தார் இல்லை, புல் இருந்தது, அதுவும் நேற்று முளைத்த புல் இல்லை, நூறு வருசம் மிதிபட்ட வடிவான புல்.

அவள் பயப்படவில்லை. பயப்படுகிற வயதெல்லாம் அவளுக்கு வேறு இடத்தில் கழிந்துவிட்டது. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை, இயந்திரம்தான் கேட்டது. மதில் ஓர் அடி தள்ளி நிற்கிறது, நான் தொடவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

திங்கள் எட்டேகாலுக்கு இன்னோர் அடி. செவ்வாய் இன்னோர் அடி. புதன்கிழமை நில அளவைத் துறை மாணவர்கள் முக்காலியும் கண்ணாடியுமாக வந்து நின்று, ஓர் அடி, முப்பது சென்ரிமீட்டர், கூட்டிக் குறைவு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை நகரசபையில் கூட்டம் வைத்தார்கள். ஏன் நடக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒரு சீவன் கேட்கவில்லை, எந்தப் பிரிவுக்குக் கீழே வரும் என்றுதான் மூன்று மணித்தியாலம் கதைத்தார்கள். சுவர் என்றால் கட்டடப் பிரிவு, சவக்காலை என்றால் தோட்டப் பிரிவு, ஆனால் நகருகிறதே, நகருகிறது என்றால் போக்குவரத்துப் பிரிவு என்று முடிவாகி, மறுநாள் காலை இரண்டு பேர் ஏணியோடு வந்து மதிலின் இரண்டு முனையிலும் சிவப்புப் பளபளப்பு முக்கோணம் ஒவ்வொன்று மாட்டிவிட்டுப் போனார்கள். அதோடு ஊருக்கு மனம் நிம்மதி. சட்டப்படி நகருகிற ஒன்றைப் பற்றி அந்த ஊரில் யாரும் முறைப்பாடு சொல்வதில்லை.

ஒரு கணிதப் பேராசிரியர் மட்டும் தன் பழைய பச்சைக் காரைத் தரிப்பிடத்தில் மறந்து விட்டுவிட்டு ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டார். மதில் அந்தக் காரை இடிக்கவில்லை, ஒதுக்கவில்லை, அதன் மேலாகத் தாண்டிப்போய்விட்டது. மனுசன் திரும்பி வந்து பார்த்தால் கார் சவக்காலைக்குள்ளே புல்லில் நிற்கிறது, படலையோ ஓர் ஆள் போகிற அகலம். கடைசியில் கழற்றித் துண்டு துண்டாகத்தான் வெளியே கொண்டுபோனார்கள், ஊரே நின்று பகிடி பண்ணியது.

வெள்ளிக்கிழமை, ஆறாவது அடியில், மதில் தன் பின்னால் கற்களை இறக்கியது.

இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும். முந்நூறு வருசத்துக்கு முன்னம், கோட்டை வாசலுக்கு வெளியே, மாடுகூட மேயாத சரிவு ஒன்றை யூதர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் சனத்தை அடிவாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக மேலே மேலே புதைத்துக்கொண்டு வந்தார்கள். ஊர் வளர்ந்தது, பல்கலைக்கழகம் வளர்ந்து சரிவைச் சுற்றிக்கொண்டது. மற்றச் சவக்காலைகளில் பிணக்குழி இருபத்தைந்து வருசத்துக்குத்தான், தவணை முடிந்தால் பேர் எழுதின சமாதிக் கல்லைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். யூதர் முறை அப்படி இல்லை, ஒருக்கால் மண்ணில் வைத்தால் அந்த மண் உலகம் உள்ளவரைக்கும் செத்தவருக்குத்தான் சொந்தம், ஒருவரும் தோண்டக்கூடாது. இட்லரின் காலத்தில் மேல் பாதியைப் பறித்தார்கள், கற்களைப் பிடுங்கிக் குவித்தார்கள், நிலத்தை மட்டமாக்கி விளையாட்டுத் திடலாக்கினார்கள். சண்டை முடிந்து, நகரசபை வெட்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு ஒரு புது மதில் கட்டிக் கொடுத்தது. எந்த வரைபடத்தைப் பார்த்துக் கட்டினார்கள் தெரியுமோ? பறித்த பிறகு கீறிய வரைபடத்தை. எந்தக் கல்லை வைத்துக் கட்டினார்கள்? அங்கே குவிந்து கிடந்த கல்லை. எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்து, மேலே சாந்து பூசி, வெள்ளையும் அடித்து, இனிமேல் குறை இல்லை என்று கையைக் கழுவிவிட்டார்கள். மேல் பாதி கார்த் தரிப்பிடமானது, அங்கேயும் சவக்காலை இருந்தது ஊருக்கே மறந்துபோனது.

அந்தக் கல்லைத்தான் மதில் இறக்கியது. முதல் வெள்ளி இறங்கியது முதல் வரிசை, முப்பத்தொரு கல், ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் நிமிர்ந்து, எழுத்துக் கழுவித் துடைத்தமாதிரி. அவ்வளவு கல்லையும் இறக்கின மதில் ஒரு சாண் பதிந்து நின்றது. ஒரு மாட்டு வியாபாரி, இரண்டு கண் வைத்தியர்கள், வாள் சண்டையில் செத்த ஒரு மாணவன், ஊரில் பாதிப்பேரைத் தன் கையில் ஏந்தின ஒரு மருத்துவிச்சி. அந்த மருத்துவிச்சியின் பேரைக் கேள்விப்பட்டதும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பூங்கொத்தோடு வந்துவிட்டன. பூ இங்கே முறை இல்லை, ஒரு சின்னக் கல்தான் வைப்பது என்று மங்களேஸ் படலையில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள், மூன்றாம் நாள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கூழாங்கல் இல்லை, பிள்ளைகள் ஆற்றிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு வரிசை. ஐந்து நாள் வெறும் அடி, ஆறாம் நாள் ஒரு வரிசைக் கல், சனிக்கிழமை மதிலுக்கு ஓய்வு, யூதர் சவக்காலை மதில் சனிக்கிழமை வேலை செய்யுமோ? வெள்ளிக் காலை என்றால் ஊர் திரண்டுவிடும். ஹைபாவிலிருந்தும் புவனஸ் அயர்சிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வந்தார்கள், வந்தவர்களை முன்பின் தெரியாத வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு கொடுத்தார்கள், பேராசிரியர்கள் தங்கள் எட்டு மணி வகுப்பை மதிலடியிலேயே வைத்தார்கள். மங்களேசுக்கு அந்தக் கிழமைகளில் நித்திரையே இல்லை, சந்தோசத்தில்.

அவளுடைய சந்தோசத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தின் பேர் மன்ஃபிரெட் காட்ஸ்.

காட்ஸ் ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயது. ஊரில் மிச்சமாகத் திரும்பி வந்த ஒரே யூதக் குடும்பத்தின் ஒரே ஆள், கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வெடுத்தவர். முப்பத்தெட்டு வருசமாக ஒவ்வொரு வெள்ளியும் அவர் வருவார், ஆனால் சவக்காலைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. தரிப்பிடத்தின் மேல் பக்கத்தில், மதிலிலிருந்து அறுபது அடி தூரத்தில், ஒரு கஷ்கொட்டை மரம் நிற்கிறது. அதன் கீழே நின்றால் மதிலுக்கு மேலாக உள்ளே பார்க்கலாம். அங்கேதான் தொப்பியோடு நிற்பார். அவர் கோகென் வம்சம், அதாவது பழைய ஆலயத்துப் பூசாரிமாரின் வழி வந்தவர், அந்த வம்சத்து ஆண்கள் பிணக்குழிக்குக் கிட்டப் போகக்கூடாது. நாலு முழம் தள்ளி நின்றாலே போதும் என்று சட்டம் சொல்கிறது, காட்ஸ் ஐயா அறுபது அடி தள்ளி நின்றார். அவர் பெரிய பக்திமான் என்று நினைத்துவிடாதீர்கள், பன்றி வத்தலும் தின்பார், பண்டிகை நாளில் புகையும் பிடிப்பார். ஆனால் இந்த ஒன்றை மட்டும் விடமாட்டார். இது அவருடைய தகப்பன் காத்தது. தகப்பனைக் கொண்டுபோய்க் கொன்றவர்கள் வீட்டையும் கடையையும் படத்தையும்கூட எடுத்துவிட்டார்கள், அவரிடமிருந்து மகனுக்கு மிஞ்சினது இது ஒன்றுதான்.

உள்ளே அவருக்கு இருந்தவள் தங்கச்சி. மார்கொட், நாலு வயது, தொண்டைக் கரப்பன் வந்து செத்தவள், அப்போது இவருக்கு ஆறு வயது. எங்கே புதைத்தது என்று தெரியாது, புதைத்தவர்களின் பேர் எழுதின புத்தகம் எரிந்துவிட்டது என்றார்கள். மதிலுக்குள் எங்கேயோ, கற்களை மூடிப் படர்ந்த கொடிக்குக் கீழே என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் மங்களேஸ் வெளியே வந்தால் ஒரே கேள்விதான், சின்னக் கல் ஏதும் கண்ணில் பட்டதோ என்று. பதினாறு வருசமாக அவளும் கொடியை விலக்கி விலக்கித் தேடினாள். மங்களேசின் தம்பியை ஊரில் புதைத்த இடத்தைப் பிறகு இயந்திரம் வந்து உழுதுவிட்டது, அவள் அதைப் பற்றி யாரிடமும் கதைப்பதில்லை, கதைத்தால் வேலை செய்ய ஏலாது. தேடித் தர ஏலுமான ஒரு கல் இருக்கிறது என்றால் அதைத் தேடித் தரத்தான் வேண்டும் என்று அவள் மனதுக்குள் வைராக்கியமே வைத்திருந்தாள்.

மூன்றாவது வரிசை இறங்கிய கிழமை, பல்கலைக்கழகத்து நிலவறையில் ஆவணக் காப்பாளர் அம்மா ஒருவருக்கு எரியாத புத்தகம் கிடைத்தது. தோட்டக்காரிக்கும் ஒரு பிரதி வேண்டும்தானே என்று அந்த அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். பறித்த மேல் பாதியில் மொத்தம் பத்து வரிசை. கடைசி வரிசை பிள்ளைகளுக்கு. தெற்கிலிருந்து ஏழாவது, மா. காட்ஸ், நாலு வயது. மங்களேஸ் அளக்கிற நாடாவை எடுத்தாள். ஆறடிக்கு ஒரு வரிசை, பத்து வரிசைக்கு அறுபது அடி. தெற்கிலிருந்து ஏழு கல்லின் தூரம் அளந்துகொண்டு போனாள், போய் முட்டினது எங்கே? கஷ்கொட்டை மரத்தின் அடியில். காட்ஸ் ஐயாவின் சப்பாத்து தேய்த்து வழுவழுப்பாக்கின அந்த இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில்.

கடவுளே என்று அவள் நிலத்தில் குந்திவிட்டாள். முப்பத்தெட்டு வருசமாக அந்த மனுசன் பிணக்குழிக்குக் கிட்டப் போகக்கூடாது என்று தள்ளி நின்றது, பிணக்குழிகளுக்கு நடுவிலே. தங்கச்சி எங்கே என்று தேடினது, தங்கச்சியின் தலைமாட்டில் நின்றுகொண்டு.

ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் எழும்பினாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். பக்கத்து நகரத்திலிருந்து மாதத்துக்கு ஒருக்கால் வருகிற யூத மதகுரு ரபிக்குத் தொலைபேசி எடுத்து, பேர் சொல்லாமல், சும்மா ஒரு சந்தேகம் என்று கேட்டாள். தெரியாமல் நிற்கிற கோகெனுக்குக் குற்றம் இல்லை, ஆனால் தெரிந்த கணமே அவர் அந்த இடத்தை விட்டுப் போகவேண்டும், திரும்பி வரக்கூடாது என்று ரபி சொன்னார். ஆள் யார் என்று எனக்குச் சொல்லவேண்டாம் அம்மா, சொன்னால் நானே அவருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டி வரும் என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது, அதுதான் பெரிய சிக்கல். மரம் நிற்கிற அந்த மேல் பக்கத்தில் பல்கலைக்கழகம் புது ஆய்வுக்கூடம் கட்டப் போகிறது. அத்திவாரம் தோண்ட ஜூலை மாதம் முதல் திங்கட்கிழமை, அன்றைக்குத் தொடங்காவிட்டால் அனுமதிக் கடதாசி காலாவதி. பல்கலைக்கழகத்துக் கட்டடப் பிரிவுக்குப் பொறுப்பான டொக்டர் வெசெல் கெட்ட மனுசன் இல்லை, கல் நிற்கிற இடத்தில் ஒரு கரண்டி மண்ணும் எடுக்கமாட்டேன் என்று எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் கடதாசியில் இருக்கிற கல் கல் இல்லையே. அந்தப் புத்தகத்துக் கடதாசியை வைத்துத் தோண்டுவதை நிறுத்தவேண்டும் என்றால் நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட்டு மறுப்பு எழுதவேண்டும். உறவினர் என்று உலகத்தில் ஒருவர்தான். அவருக்கு முன்னால் கடதாசியை வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார், சாகும்வரைக்கும் அங்கேதான் நிற்பார், தங்கச்சியின் கல்லை அவர் பார்க்கவே மாட்டார்.

மங்களேஸ் விரல் மடித்து எண்ணினாள். ஏழு வரிசை மிச்சம், ஏழு கிழமை, சனியைக் கழித்தால் பத்தாவது வரிசை இறங்குவது ஜூலை முதல் வெள்ளி. திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்னம். போதும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் புத்தகத்தைப் பார்த்த கண் அவளுடையது மட்டும் இல்லையே. காப்பாளர் அம்மாவுக்குத் தெரியும், அவள் புருசனுக்குத் தெரியும், அளவை மாணவர்களுக்குத் தெரியும், அப்படியே ஒரு கிழமைக்குள் ஊருக்கே தெரியும். மங்களேஸ் ஒவ்வொருவரிடமும் போய் ஏன் சொல்லக்கூடாது என்று விளங்கப்படுத்தினாள். பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கோ. மதில் நடந்ததைக்கூட நான் நம்புவேன், ஒரு முழு நகரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததைத்தான் நம்பக் கஷ்டம். பத்திரிகை வரைபடம் போட்டபோது ஒன்பது வரிசைதான் கீறினார்கள். பேக்கரியில் ஆட்கள் கதைத்துக்கொண்டு நிற்கும்போது காட்ஸ் ஐயா உள்ளே வந்தால், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மழை வரும்போல இருக்கு என்பார்கள், வெளியே வெயில் பல்லைக் காட்டும். தரிப்பிடத்தில் காருக்குத் தண்டம் எழுதுகிற பெண் அவர் குந்தியிருக்க மரத்தடியில் ஒரு வாங்கு கொண்டுவந்து போட்டாள், ஏன் என்று கேட்டதற்கு வயதானவர்களுக்கான திட்டம் என்றாள், அப்படி ஒரு திட்டம் அந்த நகரசபையில் இல்லை. அவர் இப்போது ஒவ்வொரு நாளும் வந்தார். மதில் தன்னை நோக்கி வருவதைச் சின்னப் பிள்ளைமாதிரி ஆவலோடு பார்த்தார். ஒவ்வொரு வரிசையும் இறங்கும்போது தூரத்திலிருந்தே கேட்பார், சின்னக் கல் இருக்கிறதோ என்று, இல்லை ஐயா, இன்னும் வரேல்லை என்பாள் அவள். இன்னும் என்று அவள் சொன்னதை அவர் கவனித்தாரோ என்னவோ.

ஏழாவது வரிசை வெள்ளிக்கிழமை இறங்கவில்லை.

அந்தக் கிழமை மதில் இரண்டு நாள் சும்மா நின்றது. மங்களேஸ், மதில் களைத்துப்போனதோ, கோபித்துக்கொண்டதோ என்று சாந்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். வாங்கில் இருந்த காட்ஸ் ஐயாதான் சிரித்துக்கொண்டு, கிழமைக் கொண்டாட்டம், பஸ்காவுக்கு ஏழு கிழமை கழித்து வருகிற திருநாள், மதிலுக்கும் விடுமுறைதானே என்றார். பதினாறு வருசமாக அந்தத் திருநாளுக்குப் படலை பூட்டினவள் அவள்தான். சனியைக் கழித்தவளுக்குத் திருநாளைக் கழிக்கத் தெரியாமல் போய்விட்டது. திரும்ப விரல் மடித்தாள். பத்தாவது வரிசை வெள்ளிக்கிழமை இல்லை, திங்கட்கிழமை. திங்கட்கிழமை எட்டேகாலுக்கு. தோண்டுகிறவர்கள் வருவது ஏழு மணிக்கு, அவர்கள் பேராசிரியர்கள் இல்லை, ஏழு என்றால் ஏழுதான்.

அவள் நேரே டொக்டர் வெசெலின் அறைக்குப் போனாள். ஒன்றேகால் மணித்தியாலம், அதுதான் ஐயா எனக்கு வேண்டும் என்றாள். எழுத்தில் தர ஏலாது என்றார் அவர், கடதாசி கடதாசிதான். பிறகு எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிட்டு, தனக்குத்தானே சொல்கிறமாதிரிச் சொன்னார், தரிப்பிடத்தில் கார் நின்றால் இயந்திரம் உள்ளே வர ஏலாது, காரை இழுத்துப் போடவேண்டும் என்றால் நாலு நாளுக்கு முன்னம் தடைப் பலகை வைத்திருக்கவேண்டும், வைக்காவிட்டால் சட்டப்படி ஒரு காரையும் தொட ஏலாது, பலகை வைக்கிற பொறுப்பு என்னுடையது, இந்த இருபது வருசத்தில் நான் ஒன்றையும் மறந்ததில்லை. இதைச் சொல்லிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

டொக்டர் வெசெல் மறந்துவிட்டார்.

ஜூலை முதல் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, மரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் மிஞ்சின தரிப்பிடத்தில் ஒரு சைக்கிள் வைக்க இடம் இல்லை. ஊரில் இருந்த காரெல்லாம் அங்கே, குப்பை லொறி ஒன்று, பேக்கரி வான், தீயணைப்புப் படையின் ஏணி வண்டி, தேவாலயப் பாடகர் குழுவின் பஸ், கழற்றிப் பூட்டின அந்தப் பச்சைக் கார்கூட. ஏழு மணிக்கு மஞ்சள் இயந்திரங்கள் வந்து ரோட்டிலே நின்றன. வேலைத்தலைவன் இறங்கி வந்து தடைப் பலகையைத் தேடினான், இல்லை, தொலைபேசியில் கத்தினான், சட்டம் பார்த்தார்கள், திரும்பக் கத்தினான். முந்நூறு பேர் நின்றார்கள், ஒருவருக்கும் தன் கார்த் திறப்பு எங்கே என்று ஞாபகம் இல்லை. ஏழரை. ஏழே முக்கால். வேலைத்தலைவன் மரத்தைப் பார்த்தான், கார் இல்லாத இடம் அந்த மரத்தடி ஒன்றுதான். மரத்தையாவது தறிப்போம் என்று மரம் அறுக்கிற வாளோடு இரண்டு பேரை அனுப்பினான், அவர்கள் போய்ப் பார்த்தால் வாங்கில் தொப்பியோடு ஒரு கிழவர் இருக்கிறார், எழும்புங்கோ என்றார்கள். நான் எட்டேகால் மதிலுக்குக் காத்திருக்கிறேன் என்றார் காட்ஸ் ஐயா, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள்மாதிரி. அவர்கள் அந்த ஊர்ப் பொடியன்கள்தான். வாளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

மதில் இப்போது முழங்கால் உயரம்தான். ஒன்பது வரிசைக் கல்லையும் இறக்கி இறக்கி, வயிறு ஒட்டி, கடைசிக் கற்களை மட்டும் சுமந்துகொண்டு, கிழவரின் சப்பாத்து நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. எட்டு மணி அடித்தது. காட்ஸ் ஐயா எழும்பி நின்றார். பின்னால் போக வழி இருந்தது, கார்களுக்கு நடுவால் ரோடு வரைக்கும் இருந்தது, முப்பத்தெட்டு வருசமாகத் தள்ளியே நின்று பழகினவர் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

எட்டேகாலுக்கு மதில் எழும்பியது, அந்த ஒரு நாள் மட்டும் ஓர் அடிக் கணக்கைப் பார்க்காமல் எட்டிக் கால்வைத்து, அவரையும் வாங்கையும் மரத்தையும் வாள்காரப் பொடியன்கள் இருவரையும் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது. காலுக்குக் கீழே புல். மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபத்துநாலு சின்னக் கல். தெற்கிலிருந்து ஏழாவது அவருடைய முழங்கால் உயரம்கூட இல்லை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

மங்களேஸ் மதிலடிக்கு ஓடிவந்தாள். இருவரும் கதைத்தது டொச்சில்தான், ஆனால் அவள் மனதில் அது தமிழில்தான் கிடக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

அவர் குனிந்து வாசித்தார். பேரை ஒருக்கால், திகதியை ஒருக்கால், திரும்பப் பேரை. பிறகு நிமிராமலே கேட்டார்.

"மங்கா அம்மா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் ஐயா. ஏழு கிழமையாத் தெரியும்."

"சொல்லேல்லை."

"சொன்னால் நீங்கள் போயிருப்பியள்."

அவர் தலையாட்டினார், கண் நிறைந்துபோய் இருந்தது. "ஓம், போயிருக்கத்தான் வேணும்" என்றார். "இப்பவும் போகத்தான் வேணும். இப்ப எனக்குத் தெரியும்."

அது எல்லோருக்கும் கேட்டது. சட்டம் சட்டம்தான், தகப்பன் காத்தது, ஒருவரும் ஒன்றும் சொல்ல ஏலாது. மதில் இப்போது முழங்காலுக்கும் கீழே, ஒரு கால் தூக்கி வைத்தால் வெளியே வந்துவிடலாம், வாள்காரப் பொடியன் ஒருவன் தாங்கக் கை நீட்டினான், இந்தப் பக்கமிருந்து மங்களேசும் கை நீட்டினாள். காட்ஸ் ஐயா அந்தத் தாழ்ந்த மதிலை மேலும் கீழும் பார்த்தார். நீட்டின கைகளைப் பார்த்தார். அந்தக் கல்லைப் பார்த்தார்.

"இவ்வளவு உயரத்தைத் தாண்ட என்ர முழங்கால் விடாது" என்று சொல்லிவிட்டு, அந்த முழங்கால் இரண்டையும் மடித்து, தங்கச்சிக்குப் பக்கத்தில் புல்லில் இருந்துவிட்டார்.

மங்களேஸ் வாய்விட்டு அழுதாள், சிரிப்பும் அதோடேயே வந்தது. பிறகு அவள் திரும்பி முதுகைக் காட்டி நின்றாள். அவளைப் பார்த்து வாள்காரப் பொடியன்கள் திரும்பினார்கள், தண்டம் எழுதுகிற பெண் திரும்பினாள், டொக்டர் வெசெல் திரும்பினார், முந்நூறு பேரும் ஒருவர் பின் ஒருவராக ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, எதையும் காணாதவர்களாக நின்றார்கள். முன்பும் ஒருக்கால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர்தான் அது, அதை அங்கே நின்ற ஒவ்வொருவரும் அறிவார்கள். முதுகுக்குப் பின்னால் கிழவரின் குரல் கேட்டது, ஆறு வயதுப் பிள்ளை கதைக்கிற பழைய ஊர்ப் பேச்சில்.

"மார்கொட், நான் உள்ளுக்கு வரேல்லை. நீதான் வந்திருக்கிறாய்."